மூன்றாவதாக நாங்கள்

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆண்டவர், அடுத்தது அக்கம்பக்கத்தார், மூன்றாவதாகத்தான் நாங்கள். அப்பா வகுத்த வரிசை அது. வீட்டுக்குப் பின்னால் வாழை குலை தள்ளினால் மேல் சீப்பு ஜெபக்கூடத்துக்குப் போகும். நடுச் சீப்புகள் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடப்பவர் என்று ஆள் தேடிப் போகும். அடியில் சூம்பிக் கிடப்பது எங்களுக்கு. வாழைப்பழம் என்றால் அவ்வளவுதான் இருக்கும் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

சுங்காய் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. அப்பா வாரம் முழுதும் மரத்தைக் கீறிப் பால் வெட்டினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. அன்று வெள்ளைச் சட்டை போட்டு, வேதப் புத்தகத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையோடு கிளம்பிவிடுவார். ஈப்போவிலிருந்து போதகர் வருவது அபூர்வம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அப்பாதான் உபதேசியார். கூலி கிடையாது. ஆனால் அதைத்தான் அவர் தன் வேலை என்று சொல்வார். பால் வெட்டுவது வயிற்றுக்காக. ஆற்றுக்குப் பாலம் இல்லை. ஆழமில்லாத இடமாகப் பார்த்து இறங்கி நடந்துவிடுவார்.

அம்மா அவருக்குச் சோறு கட்டிக் கொடுப்பாள். அந்த வரிசையில் அவளுக்குக் குறை இருந்ததாகத் தெரியவில்லை. தினமும் உலை வைக்கும்முன் ஜெபக்கூடத்துக்கென்று ஒரு பிடி அரிசியைத் தகர டின்னில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாள்.

எனக்கு ஏழு வயதோ எட்டோ இருக்கும். தம்பி அப்போதுதான் நடை பழகியிருந்தான். மழைக்காலம். ஒரு சனிக்கிழமை அவனுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. மறுநாள் காலையில் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். அந்த நேரம் பார்த்து அக்கரைத் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் நனைந்துகொண்டு வந்தான். அங்கே ஒருவர் மலேரியாவில் சாகக் கிடக்கிறார், உபதேசியாரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்கிறார் என்றான்.

அப்பா சட்டையை மாட்டினார். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"இன்னிக்கி ஒரு நாள் போகாதீங்க. கங்காணிகிட்ட வண்டி கேட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம். நான் கேட்டா வண்டி குடுக்க மாட்டாரு."

"அந்த மனுசன் நாளைக்கி இருக்க மாட்டான்" என்றார் அப்பா. "ஆண்டவரு வேலைய நாம பாத்தா நம்ம வேலைய அவரு பாப்பாரு. மத்தியானத்துக்குள்ள வந்திர்றேன். வந்ததும் வண்டி கேக்குறேன்."

தம்பியின் தலையில் கையை வைத்துச் சின்னதாக ஒரு ஜெபம் செய்தார். அம்மா விலகி வழிவிட்டாள்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மழை வலுத்தது. மத்தியானம் ஆனது. அப்பா வரவில்லை. ஆற்றில் செம்மண் தண்ணீர் மரங்களைப் புரட்டிக்கொண்டு போவதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மா கங்காணி வீட்டுக்கு ஓடினாள். இந்த மழையில் மாட்டைப் பூட்ட முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரஸ்ஸர் டவுனுக்குப் போயிருந்தார். ஆனாலும் அம்மா தம்பியைச் சாக்கில் பொதிந்துகொண்டு மருந்துக் கொட்டகைக்கு நடந்தாள். பக்கத்து வீட்டு அக்கா கூடவே வந்தாள். நான் அவர்கள் பின்னால் ஓடினேன்.

பூட்டியிருந்த கொட்டகையின் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாரியம்மன் கோயில் திருநீற்றை எடுத்தாள். "பூசவாக்கா?" என்று தயங்கிக் கேட்டாள். உபதேசியார் பெண்சாதியாயிற்றே.

"பூசு" என்றாள் அம்மா. "எந்தச் சாமிக்குக் காது இருக்கோ, அது கேக்கட்டும்."

சாயங்காலம் ஆகும்முன் தம்பி அம்மா மடியிலேயே போய்விட்டான். அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து நான் சத்தம் போடாமல் இருந்தேன்.

மறுநாள் வெள்ளம் தணிந்தபின் அப்பா வந்தார். வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். இடுப்புவரை சேறு. பாயருகே வந்து நின்றார். தம்பியின் நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக் கோபப்படப் போகிறார் என்று நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் அதைத் துடைக்கவில்லை. குனிந்து தம்பியின் காலை மட்டும் பிடித்துக்கொண்டார்.

போதகர் வரும்வரை வைத்திருக்க முடியாது. ஆகவே அடக்க ஜெபத்தை அப்பாவே செய்தார். குரல் ஓரிடத்தில்கூட உடையவில்லை. எல்லோரும் அவருடைய விசுவாசத்தை மெச்சினார்கள். அம்மா மட்டும் அவரை ஏறிட்டுப் பார்த்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல.

அதற்குப் பிறகு அவள் அரிசி டின்னைத் தொடவில்லை. டின்னில் இருந்ததை வண்டு தின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டார். அம்மா சோறு கட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு போய் இருட்டும் நேரத்தில் திரும்பினார். அடுத்த வாரமும் அப்படித்தான். மகனைக் குழியில் வைத்த பிறகும் ஊழியத்தை விடாத மனுசன் என்று லயமே பேசியது. எனக்கு அவர்மேல் வெறுப்பாக இருந்தது. நானும் ஒருநாள் செத்துப்போவேன், அப்போதும் அப்பா குடையை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு சேவலைக் கால் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு சின்னப் பையனை இடுப்பில் சுமந்து ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"உபதேசியாரு வீடு இதானேக்கா? சாகக் கெடந்தேனே, அது நாந்தான். அன்னிக்கி அவரு வந்து ஜெபம் பண்ணினாரு, நான் எந்திரிச்சிட்டேன். இந்தப் பயலுக்கு அப்பன் இருக்கான்னா அவராலதான்."

அம்மா அந்தப் பையனையே பார்த்தாள். பாயை விரித்து உட்காரச் சொன்னாள். கோப்பி கலந்து கொடுத்தாள்.

"உங்களுக்கு இந்த ஒரு புள்ளதானாக்கா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"ஆமா" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அவரு எங்க? கூப்புடுங்க, பாத்துட்டுப் போறேன்."

"உங்க பக்கந்தான் வந்திருக்காரு. ஞாயித்துக்கெழமையில்ல?"

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். "எங்க பக்கமா? அன்னிக்கி வந்துட்டுப் போனவருதான், அப்புறம் வரவே இல்லையேக்கா. அடுத்த தோட்டத்து ஆளுங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒடம்பு முடியலயோன்னுதான் நானே வந்தேன்."

அம்மா கீழே இருந்த கோப்பியை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள். பிறகு, "ஆமா, அவருக்கு முடியாமத்தான் இருக்கு. நீங்க வந்தீங்கன்னு சொல்றேன்" என்றாள். அவர் கிளம்பும்போது பையனின் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

அவர் தலை மறைந்ததும் சட்டியில் இருந்த சோற்றை முழுதும் இலையில் வைத்து, கருவாட்டுத் துண்டையும் வைத்துக் கட்டினாள். நாங்கள் இருவரும் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

"ஆத்தங்கரையில இருப்பாரு. குடுத்துட்டு வா."

"அப்பா அக்கரைக்குல்ல போயிருக்காரு?"

"இருப்பாரு. போ புள்ள."

இருந்தார். ஆற்றில் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வேதப் புத்தகம் எண்ணெய்த் துணியைவிட்டு வெளியே வரவில்லை. என்னைக் கண்டதும் அவர் முகம் எப்படியோ ஆனது.

"யாரு அனுப்புனா?"

"அம்மா."

பொதியை வாங்கி வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு பிரித்தார். சாப்பாட்டு ஜெபம் சொல்லுவார் என்று நான் கண்ணை மூடிக் கைகூப்பிக் காத்திருந்தேன். சத்தம் வராததால் கண்ணைத் திறந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே, பசித்த ஆள்போல அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். பாதியில் நினைவு வந்து இலையை என் பக்கம் தள்ளினார்.

"அக்கரைக்குப் போகலையாப்பா?"

"போலாம்" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. "தண்ணி வத்தட்டும். போலாம்."

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "ஆமா, இன்னும் வத்தலை" என்றாள். "யாருகிட்டயும் சொல்லாத."

அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மறுபடி சோறு கட்டினாள். இரண்டு பேரும் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். தண்ணீர் வற்றட்டும் என்று அப்பா என்னிடம் சொன்ன அன்று, வேட்டி நுனிகூட நனையாமல் ஒருவர் பிள்ளையோடு அந்த ஆற்றைக் கடந்து வந்து எங்கள் வீட்டில் கோப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார். அது எனக்கு உறைக்கவே இல்லை.