சகாயமேரி ஏறாத கப்பல்

வாய்க்கொழுப்பால் கெட்டுப்போனவர்களைப் பார்த்திருப்பீர்கள். என் வாய்க்கொழுப்பால் கெட்டது நான் அல்ல, எதிர்வீட்டுச் சகாயமேரி. அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் இந்தக் கதை முழுசாகத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை. அவள் புருஷன் எட்மண்டுக்கே தெரியாது. அதனால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எண்பதுகளில் ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் எதிரெதிர். தொழிற்சாலையில் ஷாப் என்று சொல்லும் ஒரே பட்டறையில் நான் பிட்டர், எட்மண்ட் வெல்டர். அவர்கள் திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். நான் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த வேம்புலி. சகாயமேரியை நான் தங்கச்சி என்பேன், அவள் என்னை அண்ணே என்பாள். காலை நாலரைக்கு அவள் அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். வீட்டுக்குச் சமைப்பதோடு, கல்யாணமாகாத ஐந்து பையன்களுக்கு டிபன் கேரியரும் கட்டித் தருவாள். அடுத்தவர் சமைத்து அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் நேராகச் சமையல் கொட்டகைக்குப் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அவளுக்கென்று ஒரே ஓர் ஆசை இருந்தது. ஜெயசீலி என்று ஓர் அக்கா. தாய் இல்லாத பிள்ளையான சகாயமேரியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அந்தமானில் மரம் அறுக்கும் மில் ஒன்றில் வேலை பார்த்தவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சகாயமேரி கல்யாணத்துக்கு அறுபத்தெட்டில் வந்துவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு வரவில்லை. இரண்டு பேருக்கும் கடுதாசிப் போக்குவரத்துதான். கப்பல் ஏறிப் போய் அக்காவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

மத்திய அரசு ஊழியர்களான எங்களுக்கு எல்.டி.சி. என்று ஒரு சலுகை உண்டு. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், பயணச் செலவை அரசாங்கம் கொடுத்துவிடும். எண்பத்து நாலில் நான் அந்தமானுக்கு எழுதிக் கொடுத்தேன். மெட்ராஸிலிருந்து மூன்று நாள் கப்பல். விஷயம் தெரிந்ததும் சகாயமேரி ஒரு பையோடு வந்தாள். அக்காவுக்கு ஒரு சேலை, வேளாங்கண்ணியில் மந்திரித்த ஜெபமாலை, ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய்.

"அக்கா கையிலயே குடுத்துருங்கண்ணே. நான் கடுதாசி போட்டுட்டேன்" என்றாள்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் கப்பலில் ஏறவே இல்லை. டிக்கெட் எடுத்து, கணக்குக் காட்ட நம்பரைக் குறித்துக்கொண்டு, டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அரசாங்கம் கொடுத்த பணத்தில் ஒரு கலர் டி.வி. வாங்கினேன். அப்போது பலரும் இப்படிச் செய்தார்கள் என்று சொல்வது சமாதானம் ஆகாது. இருபது நாள் நெமிலிச்சேரியில் என் மச்சினன் வீட்டில், பெண்டாட்டி ஜெகதாம்பாளோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஒளிந்து கிடந்தேன். வெளியே தலைகாட்டினால் ரயிலில் போகும் எங்கள் ஷாப் ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். ஜெகதாம்பாளால் காய்கறி வாங்கக்கூடப் போக முடியவில்லை. ஒருநாள் வெறும் கஞ்சிதான். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்தோம். ஒரு வாரத்தில் காலியாகிவிட்டது.

சேலையையும் ஜெபமாலையையும் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. மச்சினனைப் பட்டாபிராம் தபாலாபீசுக்கு அனுப்பி, பார்சலாக அந்தமானுக்குப் போட்டேன். பெரிய யோக்கியன் மாதிரி அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய அன்றே சகாயமேரி வந்து வாசலில் நின்றாள். "அக்கா எப்படி இருக்காங்கண்ணே?"

"சூப்பரா கீறாங்க தங்கச்சி. ஊறுகாய ஒரு துளி நாக்குல வச்சாங்க பாரு, என் தங்கச்சி கைப்பக்குவம்னு கண்ணு கலங்கிட்டாங்க" என்றேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் நல்ல காரியம் செய்துவிட்டதாகவே நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பொய் ஒன்றோடு நிற்குமா? ஷாப்பில் எல்லாரும் கப்பலைப் பற்றிக் கேட்டார்கள். போகாத ஊருக்கு வழி சொல்வதில் எனக்கு ஈடு கிடையாது. "அலைன்னா அலை, ரெண்டு மாடி ஒசரம். கப்பலு இப்டி ஒரு சாய்வு, அப்டி ஒரு சாய்வு. துன்ன சோறு வயித்துல நிக்காது மாமே" என்பேன். கேண்டீனே சிரிக்கும். கேட்கிறவர்கள் கூடக் கூட, கதையும் வளர்ந்தது. நெஞ்சுவலிக்காரப் பொம்பளை ஒருத்தி நடுக்கடலில் செத்துப்போனாள் என்றும், துணியில் சுற்றிக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள் என்றும் சேர்த்தேன். அந்த இடத்தில் சிரிப்பு நின்று எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

சகாயமேரி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு டி.வி. பார்க்க வருவாள். நான் கப்பல் கதையை ஆரம்பித்தால் மட்டும், அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவாள். அக்கா ஞாபகம் வந்துவிடுகிறது போலும் என்று நினைத்துக்கொள்வேன்.

எண்பத்தெட்டில் பக்கத்து ஷாப்பில் இரண்டு பேரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். பொய் எல்.டி.சி. கணக்கு. அதில் ஒருவன் குடும்பம் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போனதைத் தெருவே நின்று பார்த்தது. அன்றிலிருந்து என் வாய் கொஞ்சம் அடங்கியது. ஆனால் சொன்ன கதை சொன்னதுதானே, அதை யாரும் மறக்கவில்லை.

எண்பத்தொன்பதில் எட்மண்டுக்கு அந்த நான்கு வருஷச் சலுகை முடியும் தறுவாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு காகிதங்களை எடுத்துக்கொண்டு, சகாயமேரியையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒன்று கப்பல் விண்ணப்பம். இன்னொன்று ஏற்காட்டில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓய்வு இல்லத்தின் நோட்டீஸ். தங்குகிற அறை, காலைக் காப்பி, மூன்று வேளைச் சாப்பாடு, குளிக்க வெந்நீர் எல்லாம் ஒரே வாடகையில் அடக்கம் என்று அதில் போட்டிருந்தது.

எட்மண்டுக்கு ஏற்காட்டில்தான் கண். "பத்து நாள் இவ கரண்டியத் தொடக் கூடாதுப்பா. யாராவது சமைச்சு, யாராவது பரிமாறி, இவ உக்காந்து சாப்பிடணும். நான் அதப் பாக்கணும்" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அந்த வருஷம்தான் ஆஸ்பத்திரியில் சகாயமேரிக்கு இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

"இவளுக்குக் கப்பல்ல அக்காவப் பாக்கணும்னு ஆசை. டாக்டரு போகலாம், மாத்திரைய விடாம சாப்பிடணும்னாரு. ஆனா அவரு கப்பல்ல போனவரு இல்லையே. நீ போயிட்டு வந்தவன். நீ சொன்னியே, அந்தப் பொம்பளைக்கும் நெஞ்சுவலிதானே?"

டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. எட்மண்ட் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாயில் உட்கார்ந்திருந்த சகாயமேரியும் என்னைப் பார்த்தாள். 'அதெல்லாம் சும்மா உட்டது மச்சான், நான் கப்பலயே பாத்ததில்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லியிருந்தால் எட்மண்ட் காட்டிக்கொடுத்திருக்க மாட்டான். ஆனால் சஸ்பெண்டாகிப் போனவனின் வண்டியும், அதன் மேல் கட்டியிருந்த கட்டிலும்தான் என் கண்ணுக்குள் நின்றன.

"ஆமா, நெஞ்சு வலிதான்" என்றேன்.

சகாயமேரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "ஏற்காடே போவோங்க. அக்காவ அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள். எட்மண்டுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கப்பல் விண்ணப்பத்தை மடித்து என் வீட்டு டி.வி. மேலேயே வைத்துவிட்டுப் போனான்.

ஏற்காட்டிலிருந்து வந்ததும் எட்மண்ட் ஷாப் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். இரண்டு நாள் சகாயமேரி சமையலறைப் பக்கம் போய், வெங்காயம் அரியவா என்று கேட்டாளாம். கன்னியாஸ்திரீ அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தார்களாம். ஏரியில் படகில் ஏற்றி, "இதாண்டி உனக்குக் கப்பல்" என்றானாம்.

"பயப்படவே இல்லப்பா. இன்னொரு ரவுண்டு போலாமான்னு கேட்டா" என்று சிரித்தான்.

தொண்ணூற்றொன்று மார்ச்சில் ஜெயசீலி இறந்துபோனாள். மகன் போட்ட கடுதாசி பதினோரு நாள் கழித்துத்தான் வந்தது. அடக்கமெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. எட்மண்ட் வீட்டில் ஒரு ஜெபக் கூட்டம் வைத்தார்கள். சர்ச்சிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் எட்மண்ட் என் தோளில் கை வைத்தான்.

"நம்ம பக்கத்துலேருந்து அவங்களக் கடைசியாப் பாத்தது வேம்புலிதான். எப்படி இருந்தாங்க, என்ன பேசினாங்க, கொஞ்சம் சொல்லுப்பா. இவளுக்கு ஆறுதலா இருக்கும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ பேருக்குக் கதை விட்ட வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. "அவங்க..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. தலைமுடி நரைத்திருந்ததா, மெலிந்திருந்தாளா, என்ன நிறம் என்றுகூட எனக்குத் தெரியாது.

மூலையில் உட்கார்ந்திருந்த சகாயமேரி, "வேணாங்க. அண்ணனுக்கும் மனசு கஷ்டமா இருக்கு. ஒரு வாய் காப்பி குடுங்க அவருக்கு" என்றாள். அக்காவை இழந்தவள் என்னைக் காப்பாற்றினாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் எட்மண்ட் ஓய்வு பெற்றான். முகப்பேரில் மகனுடைய ஹவுசிங் போர்டு பிளாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எட்மண்ட் வேன் பக்கம் நின்று கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சகாயமேரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜெகதாம்பாளிடம் சொல்லிக்கொண்டாள். பிறகு கையிலிருந்த பைபிளுக்குள்ளிருந்து ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இது என்கிட்ட இருந்தா, எனக்கப்புறம் இவரு கண்ணுல பட்டாலும் படும். நீங்களே வச்சுக்கங்கண்ணே."

தேதி எண்பத்து நாலு நவம்பர். பென்சிலால் எழுதியிருந்தது.

"அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது. சேலையும் ஜெபமாலையும் தபாலில் வந்து சேர்ந்தது. பட்டாபிராம் என்று முத்திரை இருந்தது. ஆள் வருகிறார் என்று நீ எழுதியதால் நானும் மாமாவும் இரண்டு கப்பலுக்குத் துறைமுகத்தில் போய் நின்றோம். உன் பேரைச் சொல்லி யாரும் இறங்கவில்லை. ஊறுகாய் என்று எழுதியிருந்தாய், அது பார்சலில் இல்லை. போகட்டும், நீ எப்போது வருகிறாய் என்று எழுது."

இரண்டு தடவை படித்தேன். பத்து வருஷத்துக்கும் மேலாக இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு எட்மண்ட் கேட்டபோது, நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டேதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏம்மா, அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னுதான் பாத்தேன்" என்றாள். "நீங்க சொல்லல. நான் சொன்னா இவரு ஆத்திரத்துல யாருகிட்டயாவது பேசிருவாரு. பேச்சு ஆபீசுக்குப் போனா உங்க வேலை போயிரும். உங்க சின்னவளுக்கு அப்ப ஒம்போது வயசுண்ணே."

நான் அழுதேன். ஜெகதாம்பாளும் உள்ளே நின்று அழுதுகொண்டிருந்தாள். சகாயமேரி அழவில்லை.

"இவருக்குத் தெரிய வேணாம். ஏற்காட்டுல என்னைய ராணி மாதிரி வச்சிருந்தேன்னு இன்னும் சொல்லிட்டிருக்காரு. அது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

வாசல்வரை போனவள் நின்றாள். ஏதோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. திட்டினால் தேவலை, காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தது எனக்கு.

"அந்த ஊறுகாய் நீங்கதானே சாப்பிட்டீங்க?"

"ஆமாம்மா."

"நல்லா இருந்துச்சாண்ணே?"

"நல்லா இருந்துச்சு தங்கச்சி."

"காரம் கூடிப்போச்சோன்னு அப்பவே எனக்கு ஒரு நினைப்பு. அக்காவுக்குக் காரம் ஆகாது" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள்.