விஜயலெட்சுமியின் பார்க்

இரும்பு அலவாங்கைத் தார்த்தரையில் இறக்குவதற்கு முன் விஜயலெட்சுமி, "மன்னிச்சுக்க சாமி" என்று முணுமுணுத்துக்கொள்வார். எந்தச் சாமியிடம் என்று கேட்டால், "இந்தப் பக்கம் எந்தச் சாமி நிக்குதோ, அதுக்கிட்ட" என்பார். ஐம்பத்து நான்கு வயது. சேலைக்கு மேல் காலஞ்சென்ற கணவரின் முழுக்கைச் சட்டை, தலையில் துவாய். முப்பது வருடம் கொழுந்து பறித்த விரல்களில் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை.

பசறை நகருக்கு மேலே, தோட்டத் தொழிலாளர் வசிக்கும் கீழ்ப்பிரிவு லயங்களுக்கு எதிரில் கிடக்கிறது அந்தத் தார்வெளி. தேயிலைக் கம்பனி சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு விற்பனை நிலையம் கட்டியபோது, பஸ்களை நிறுத்தப் போட்டது. கொரோனாவோடு பஸ்கள் நின்றன. பிறகு நிலையத்துக்கும் பூட்டு. வெடிப்புகளில் புல் முளைத்தது. பிள்ளைகளுக்கு அதைப் பூங்காவாக்கித் தரச் சொல்லி இரண்டு வருடம் பிரதேச சபைக்கு நடந்தார் விஜயலெட்சுமி. "பேர்லயே பாதி இருக்குங்க. பார்க்கிங்குல அந்த 'இங்'க மட்டும் ஒடச்சு எடுத்தா பார்க்குதான்" என்று அதிகாரியிடமே சொன்னாராம். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

லயத்தில் எந்தப் பிரச்சினை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "கத்துனா தொண்டதான் நோகும். நான் கேட்டுட்டு வாறேன்" என்று கிளம்பிவிடுவார். அவர் கொண்டுவரும் பதிலை யாரும் மறுப்பதில்லை.

பதின்மூன்று வருடத்துக்கு முன் பீலி நின்றபோதும் அப்படித்தான். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே வந்து லயத்து முன்னால் விழுந்துகொண்டிருந்த தண்ணீர், தார் போட்ட மாதத்தில் நின்றுபோனது. வேலைக்குப் போகாமல் ஆபீஸ் வாசலில் உட்காருவோம் என்றார் பக்கத்துக் காம்பரா வீட்டுக் கருப்பம்மா. விஜயலெட்சுமி தடுத்தார். தோட்டத் துரையிடம் போய்க் கேட்டு வந்தார். "ஊத்து வத்திப்போச்சாம். தொர பொய்யா சொல்லுவாரு? வாங்க, வேலையப் பாப்போம்."

அன்றிலிருந்து பெண்கள் குடத்தோடு பள்ளத்து ஓடைக்கு இறங்கி ஏறினார்கள். அவருடைய மகள் மதுஷாவும் விடிகாலையில் ஓடைக்குப் போனாள். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினாள். சாதாரணதரப் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டாள். இப்போது கட்டுநாயக்கவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை.

போன சனிக்கிழமை, தாரைப் பெயர்க்க ஊர்கூடிச் சிரமதானம். பசறையிலிருந்து ஸலீம் நானா மண் தோண்டும் தன் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்தார். மூலைத் தாரைப் பெயர்த்ததும் ஒரு கொங்கிறீட் மூடி தெரிந்தது.

"பழைய அழுக்குத்தண்ணிக் கானா இருக்கும். நெம்புங்க நானா," என்றார் விஜயலெட்சுமி.

மூடி புரண்டது. ஸலீம் நானா இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கீழே செங்கல் தொட்டி. விளிம்பு வரை தெளிந்த தண்ணீர். மலைப்பக்கமிருந்து அது விழுந்துகொண்டே இருந்தது. எதிர்ப்பக்கம் ஓர் இரும்புக் குழாய் விற்பனை நிலையத்தை நோக்கிப் போனது. மிஞ்சியது கானில் வழிந்து காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இது வத்தல்ல தங்கச்சி," என்றார் ஸலீம் நானா மெதுவாக. "கடைக்குத் திருப்பி உட்டீக்கிறாங்க."

விஜயலெட்சுமி அலவாங்கைக் கீழே வைத்தார். திரும்பிக் கருப்பம்மாவைப் பார்த்தார். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை.

"நீதான போயி கேட்டுட்டு வந்த," என்றார் கருப்பம்மா. குடம் எடுக்கப் போய்விட்டார்.

விஜயலெட்சுமி மகளுக்குப் போன் எடுத்தார். "மது, தண்ணி இங்கனயேதான் இருந்திருக்கு. நம்ம வாசலுக்கு முன்னாடி."

"எந்தத் தண்ணிம்மா?" என்றாள் மகள்.

போனை அணைத்துவிட்டார்.

லயமே குடமும் வாளியுமாகத் தொட்டியைச் சூழ்ந்துவிட்டது. பார்க் ஊஞ்சலை அந்தப் பக்கம் தள்ளிப் போடலாம், இந்த இடத்தில் பீலியைக் கட்டுவோம் என்று சிரமதானத்துக்கு வந்திருந்த சபை அலுவலரிடம் ஆளாளுக்குச் சொன்னார்கள். விஜயலெட்சுமி தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. இன்னும் பெயர்க்காத தார்மேல் நடந்தார். நாலு எட்டு வைத்ததும் முழங்கால் போட்டு, துவாயை விலக்கி, காதைத் தரையோடு சேர்த்து, கீழே இன்னும் என்ன ஓடுகிறதென்று கேட்டார். எழுந்தார். இன்னும் நாலு எட்டு நடந்து, மறுபடியும் குனிந்தார்.