சகலை கை தட்டிய அறை

ஒரே ஒரு கைதட்டல். நியூ டவுன் அடுக்குமாடி வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே நான் ஒதுக்கியிருந்த அறைக்குள் நுழைந்ததும் என் சகலை செய்தது அதைத்தான். ஸ்பீக்கரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓங்கி ஒருமுறை தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக் கணகணத்து அடங்கியது. "என்ன தம்பி, பாத்ரூமுக்குள்ள நிக்கிற மாதிரில்ல இருக்கு?" என்று சிரித்தார். அவர் மேல் எனக்கிருந்த புகைச்சல் அன்றைக்கு வந்ததில்லை. அது வெகுநாளாகவே இருந்தது.

என் மனைவியின் அக்கா கணவர் அவர். எங்கள் ஊர்த் துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை, பெஹாலாவில் பழைய வாடகை வீடு. அவருடைய ஸ்பீக்கர்கள் யாரோ பயன்படுத்திக் கழித்தவை. ஒன்றின் முன்துணி கிழிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பிடப் போனால், சாப்பாடு முடிந்ததும் என் மனைவி அந்த ஸ்பீக்கர்களுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். வீணை ஓடிக்கொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டாளானால் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போகும். அதே வீணையை எங்கள் வீட்டில் நான் போட்டால் வாசற்படியிலேயே நின்று பாதி கேட்பாள். "தலைய வலிக்குதுங்க" என்று போய்விடுவாள். அவள் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் ஒன்றுக்கு இரண்டாக விலையுயர்ந்த ஸ்பீக்கரெல்லாம் வாங்கிப் போட்டேன். பெஹாலாவிலிருந்து திரும்பும்போதெல்லாம் டாக்ஸியில் எனக்கு வயிறு எரியும்.

எதிரொலியைக் குறைக்கும் என்று இணையத்தில் படித்துவிட்டு, மெல்லிய ஃபோம் சதுரங்களை வரவழைத்து ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். குரல் மங்கியதுதான் மிச்சம். கீழ்ச்சுருதி முன்பு போலவே அறை முழுக்கத் திம்திம்மென்று முட்டியது. "அத்தான் ஒரு தடவ வந்து பாக்கட்டுமே" என்றாள் மனைவி. வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் அவள் அழைத்தாள், அவரும் வந்தார். அந்தக் கைதட்டல் அப்போதுதான்.

"ஒட்டுறதெல்லாம் அப்புறம். மொதல்ல யாரு, எங்க உக்காந்து கேக்கப் போறாகன்னு சொல்லுங்க" என்றார். நான்தான் என்றேன். என் ஒற்றை நாற்காலி பின்சுவரில் ஒட்டிக் கிடந்தது. அவர் என் மனைவியைப் பார்த்து, "நீ எங்கம்மா உக்காருவ?" என்று கேட்டார். அவள் வாசற்படியைக் காட்டினாள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவர் மேல்தான் எரிச்சல் வந்தது.

நாற்காலியைச் சுவரிலிருந்து நன்றாக முன்னே இழுத்து, பக்கத்தில் இன்னொன்றைப் போட்டு, அவளை உட்கார வைத்தார். என் கையில் ஒரு முகக்கண்ணாடியைக் கொடுத்துப் பக்கச் சுவரோடு நகர்த்தச் சொன்னார். எந்த இடத்தில் அவளுக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் சத்தம் முதலில் மோதி அவள் காதுக்குப் போகிறதாம். "தெரியுது" என்று அவள் சொன்ன இடங்களில் பென்சிலால் குறித்தார். பரணில் கிடந்த லேப்புகளை, அதுதான் இந்த ஊர்க் குளிருக்குப் போர்த்தும் பஞ்சு திணித்த கனத்த போர்வைகளை, இறக்கித் துணி உலர்த்தும் ஸ்டாண்டுகளில் போட்டு அங்கே நிறுத்தினார். தரையில் ஒரு கம்பளம். மிச்ச லேப்புகளைச் சுருட்டி மூலைகளில் அடுக்கினார். துறைமுகத்துக் கதைகளைப் பேசிக்கொண்டே, மீன் வறுவல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே செய்தார். இது மட்டும் சரியாக வரவே கூடாது என்று நான் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தேன்.

வீணையைப் போட்டோம். அவள் கண்ணை மூடினாள். முடியும் வரை எழுந்திருக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலர, "அப்படியே அத்தான் வீட்டுல கேக்குற மாதிரியே இருக்குங்க" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் டீ போடப் போனேன்.

சகலை இப்போது விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். லேப்புகளை மரச்சட்டத்தில் அடித்து, மேலே பழைய பருத்திப் புடவை சுற்றி வைத்திருக்கிறோம். விருந்தாளி யார் வந்தாலும், "எல்லாம் எங்க அத்தான் யோசனை" என்று அவள் தவறாமல் சொல்கிறாள். எனக்கு இன்னும் எரிகிறது. ஆனால் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் அவளே போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளும்போது, பக்கத்து நாற்காலியில் இருப்பது நான்தான். அத்தான் இல்லை.