இருபது பங்கு சிக்கரி

2024 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்து பால் காய்ச்சினேன். ஆறரைக்குக் கணவருக்கு மாத்திரை, ஏழரைக்குப் பாலில் குழைத்த இட்லி. பாதியில் தட்டைத் தள்ளிவிட்டார். மண்ணைத் தின்பதுபோல இருக்கிறது என்றார். தொண்டையில் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து எட்டு மாதமாகியிருந்தது. ஆறு மாதத்தில் நாக்குக்கு ருசி திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குள் எடை பதினொரு கிலோ குறைந்துவிட்டது.

அவர் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். கல்யாணத்துக்கு முன்பு ஹவானா துறைமுகத்தில், ஒரு கடை வாசலில் நின்றபடி குடித்த காபியைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேசுவார். அக்டோபர் கடைசியில் ஒரு நாள், அது கிடைத்தால் நாக்குக்கு ஒருவேளை ஞாபகம் வரும் என்றார். நோய் வந்தபின் அவராகக் கேட்டது அது ஒன்றுதான். இணையத்தில் தேடி, கியூபாவிலிருந்து இறக்குமதியான காபிக்கொட்டை கால் கிலோ வரவழைத்தேன். பொடியாகக் கிடைக்கவில்லை.

அந்தச் செவ்வாய் பத்தரைக்குக் கூரியர்காரர் கீழிருந்து "பௌதி, பார்சல்" என்று, வங்காளிகள் அண்ணியை அழைப்பதுபோலக் கூப்பிட்டார். பையைக் கணவரே பிரித்தார். ஒரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

மிக்ஸியில் அரைக்க எனக்கு மனமில்லை. லேக் மார்க்கெட்டில் பத்தொன்பது வருஷமாக நாங்கள் பொடி வாங்கும் தமிழர் கடைக்குப் போனேன். கொட்டையைக் கொடுத்து அரைத்து வைக்கச் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் வாழைத்தண்டு வாங்கப் போனேன். திரும்பியபோது பொட்டலம் தயாராக இருந்தது. கையில் வாங்கியதும் கனம் கூடியிருப்பது தெரிந்தது. ஏன் என்று கேட்டேன்.

"உங்க கணக்கு எனக்குத் தெரியாதா மாமி? எண்பதுக்கு இருபது. கேக்கவே வேண்டாமே," என்று கடைக்காரர் சிரித்தார்.

வழக்கம்போல சிக்கரி கலந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தபின்தான் அவருக்கு உறைத்தது. வேறு கொட்டை தருகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிக்கரி வேண்டாம் என்று சொல்லாமல் போனது நான்தான்.

ஆட்டோவில் வரும்போது, இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பிறகு வேறொன்று தோன்றியது. முன்பெல்லாம் சிக்கரி ஒரு சிட்டிகை கூடினாலும் முதல் மிடறிலேயே கண்டுபிடித்துக் கடைக்காரரைத் திட்டுவார். இதையும் கண்டுபிடித்துவிட்டால், நாக்கு திரும்புகிறது என்று அர்த்தம். அதனால் சொல்லவில்லை.

சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். பால் இல்லாமல், சர்க்கரை மட்டும் போட்டு, சின்னக் கோப்பையில் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்தேன். அவர் திட்டவேண்டும் என்று அவ்வளவு ஆசையாக நான் காத்திருந்ததே இல்லை.

ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதேதான். ஹவானாவுல குடிச்ச அதே காபி."

"நிஜமாவா?"

"நீயும் குடிச்சுப் பாரேன்."

குடித்தேன். சிக்கரிதான் முன்னால் வந்தது. நன்றாக இருக்கிறது என்றேன். அவர் கோப்பையைக் காலி செய்தார். பல மாதங்களில் மிச்சம் வைக்காமல் அவர் முடித்தது அது ஒன்றுதான். தெரியாமல் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும், முதல் வேலையாக அதே பொடியில் பாலில்லாமல் இரண்டு கோப்பை காபி போட்டேன்.