சுவரில் விட்ட இடைவெளி

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ராஜகால்வாய் என்ற பெரிய மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. பெருமழை பெய்தால் தண்ணீர் சாக்கடையோடு சேர்ந்து வீட்டுக்குள் ஏறிவிடும். கரையில் தடுப்புச் சுவர் கட்ட மாநகராட்சி ஆட்கள் வந்தபோது, ஓரத்தில் இருந்த எங்கள் குளியலறையை இடிக்கச் சம்மதித்தோம். வரிசையில் எல்லோருமே ஏதோ ஓர் இடத்தை விட்டுக்கொடுத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். "நீங்க ஏமாளிங்க, குடுத்தீங்க. என் சமையல்கட்ட எவன் தொடுறான்னு பாக்குறேன்" என்று கத்தியவர், கோர்ட்டுக்குப் போய் ஸ்டேயும் வாங்கிவிட்டார். அவர் வீட்டு அகலத்துக்கு மட்டும் சுவர் கட்டாமல் விட்டார்கள். இரண்டு பக்கமும் கம்பிகள் துருத்திக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அடுத்த மழையில் கால்வாய்த் தண்ணீர் முழுவதும் அந்த இடைவெளி வழியாகத்தான் பாய்ந்தது. முதலில் அவர் வீடு, அடுத்து எங்கள் வீடு. அவருடைய மனைவிக்குக் கால் வீக்கம், நடக்க முடியாது. நானும் என் கணவரும் இடுப்பளவு தண்ணீரில் போய் அவரைத் தூக்கி வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார வைத்தோம். பின்னாலேயே வந்த அந்த மனிதர், "என்னா பாத்துனு நிக்கிற? அவளுக்கு ஒரு டீ வெச்சுக் குடு" என்றார்.

"உங்க சமையல்கட்டுலயே போய் வெச்சுக்கோங்க. அதுக்குத்தானே கோர்ட்டுக்குப் போனீங்க" என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா குறுக்கிட்டார். "வீடு என் பேர்ல இருக்கு, கேஸும் என் பேர்லதான். நாளைக்கே இடிக்கச் சொல்லப்போறேன்."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"இந்த நாத்தத்துல உக்காந்திருக்கிறது நான்தானே?"

சொன்னபடியே செய்தார். ஆட்டோவில் ஏறிப்போய் வக்கீலிடம் வழக்கைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். சமையலறை போனது, சுவர் முழுதாக எழுந்தது. அதற்குப் பிறகு வந்த மழையில் தண்ணீர் உள்ளே வரவில்லை.

அந்த மனிதர் தன் மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நாங்கள்தான் அந்த அம்மாவின் மனதைக் கெடுத்தோமாம். தினமும் காலையில் தன் ஸ்கூட்டரை எங்கள் வாசலை அடைத்து நிறுத்துகிறார். நான் அதன்மேல் கோலம் போட வாசல் தெளிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.