முகிலுக்குள் எங்களைக் கண்டவர்

"வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இனி இங்க வைச்சிருந்து பிரயோசனம் இல்லை."

கொழும்பில் வைத்தியர் இதைச் சொன்னபோது என் மனைவி மெர்சி கட்டிலில் விழித்துத்தான் இருந்தாள். புற்றுநோய் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. அன்றோடு நான் ஜெபிப்பதை விட்டுவிட்டேன், சகோதரர்களே. கோபத்தால் அல்ல. கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

எங்கள் வீடு திருகோணமலையில், பாலையூற்றில். மகள் அனுஷா அங்கே என் மாமியோடு, மெர்சியின் தாயோடு, இருந்தாள். பிள்ளையின் பக்கத்தில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர மெர்சிக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் வாகனத்தில் தெருவால் கொஞ்சத் தூரம் போனாலே வலி தாங்காமல் அலறினாள். நான் ஒருவருடைய சொந்தச் சிறு விமானத்தை ஓட்டும் விமானி. முதலாளியிடம் கேட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் விமானத்தைத் தந்தார்.

பருவமழைக் காலம். கிளம்பும்போது வானம் வெளித்திருந்தது. மெர்சியை என் பக்கத்து இருக்கையில் தலையணைகள் வைத்துச் சாய்த்திருந்தேன். ஹபரணையைத் தாண்டியதும் மழை முகில் நாலு பக்கமும் மூடிக்கொண்டது. திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் பின்னாலும் வெள்ளைதான்.

அப்போதுதான் மின்சாரம் உண்டாக்கும் கருவி பழுதானது. இயந்திரம் நிற்கவில்லை, அதற்கு அந்த மின்சாரம் தேவையில்லை. ஆனால் பற்றரி வேகமாக இறங்கியது. ரேடியோவில் கடைசியாகக் கேட்டது இன்னொரு விமானியின் குரல். திருகோணமலையின் சீனக்குடா விமானத்தளத்தில் இருந்து, எங்களுக்கு எதிரே, கொழும்புக்குப் போகிறவர். முகிலுக்காகக் கீழே இறங்குவதாகச் சொன்னார். அவர் சொன்ன உயரம் எங்கள் உயரம். பதில் சொல்ல வாய் திறந்தேன். ரேடியோ செத்துவிட்டது.

பக்கத்தில் வரும் விமானங்களைப் புள்ளியாகக் காட்டும் சிறு திரையும் இருண்டது. அதைவிட மோசம், டிரான்ஸ்பொண்டர் நின்றது. நாங்கள் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று மற்றவர்களுக்கு அறிவிக்கும் பெட்டி அது. அது நின்றால் அடுத்த விமானத்தின் திரையில் எங்கள் இடம் வெறும் வானம்.

கீழே இறங்கினால் குன்றுகள். மேலே இன்னும் கறுத்த முகில். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரும் அந்தப் பக்கமே திரும்பலாம். மிச்சம் இருக்கும் மின்சாரமாவது இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன்.

மெர்சி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்ன நடக்குது? மறைக்காமச் சொல்லுங்கோ."

"முன்னால ஒரு விமானம் வருது. நாங்கள் இருக்கிறது அவையளுக்குத் தெரியாது."

அவள் கண்ணாடிக்கு வெளியே இருந்த வெள்ளையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நான் எப்பிடியும் போறவள். நீங்களும் போனா அனுஷாக்கு ஆர் இருக்கினம்? ஜெபியுங்கோ."

"என்னால ஏலாது மெர்சி."

"அப்ப நான் ஜெபிக்கிறன். நீங்கள் ஓட்டுங்கோ."

தன் சுகத்துக்காக அவள் கேட்கவில்லை. "ஆண்டவரே, பிள்ளையிட்ட எங்களில ஒரு ஆளையாவது கொண்டுபோய்ச் சேரும்" என்று மட்டும் சொன்னாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குள் எதுவோ உடைந்தது. நானும் அந்த வரியைச் சொன்னேன்.

சொல்லிக்கொண்டே டிரான்ஸ்பொண்டரை மட்டும் மறுபடி போட்டேன். பற்றரியில் ஏதும் மிஞ்சியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்தப் பெட்டி சூடாகி வேலை செய்யவும் நேரம் எடுக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அதில் இருந்த சிறிய விளக்கு சிமிட்டியது. வெளியில் ஒரு கருவி 'எங்கே இருக்கிறாய்' என்று கேட்கிறது, பெட்டி பதில் கொடுக்கிறது என்று அர்த்தம். சில தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது. மறுபடி எரியவே இல்லை.

உடனே முகிலுக்குள் ஒரு நிழல் இடப்பக்கமாகச் சரிந்து போனது. அதன் சத்தம் எங்கள் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கேட்டது.

முகில் கிழிந்தபோது குடாக்கடல் தெரிந்தது. ரேடியோ இல்லாமல் சீனக்குடாவைச் சுற்றினேன். கோபுரத்தில் இருந்து, இறங்கலாம் என்று பச்சை விளக்குக் காட்டினார்கள். இறங்கினோம்.

பின்னேரம், எதிரே வந்த அந்த விமானி தளத்தில் என் இலக்கத்தை வாங்கித் தொலைபேசி எடுத்தார். மட்டக்களப்புக்காரர். "தம்பி, திரையில ஒண்டும் இல்லை. திடீரெண்டு நேர் முன்னால ஒரு புள்ளி, எங்கட உயரத்தில. விமானத்தைத் திருப்பிப்போட்டுப் பாக்கிறன், புள்ளியைக் காணேல்ல." ஓய்ந்திருந்த பற்றரியில் கொஞ்சம் மின்சாரம் ஊறும் என்பது எனக்குத் தெரியும். அது ஏன் அந்த நேரத்துக்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது என்பதற்கு, அந்த ஜெபத்தைத் தவிர என்னிடம் வேறு விளக்கம் இல்லை.

மெர்சி தவக்காலம் தொடங்கும் முன் போய்விட்டாள். மகளின் கை அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. நான் ஆசைப்பட்ட அற்புதம் நடக்கவில்லை. வீடு இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. சில நாட்களில் காலை எழும்பவே மனம் வராது. ஆனாலும் சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போய், வைத்தியர்கள் கைவிட்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறேன். முன்பு அந்த விறாந்தையில் நடக்கவே எனக்குப் பயம்.

அனுஷா ஒருநாள் கேட்டாள். "அப்பா, ஆண்டவர் அம்மாவை ஏன் சுகமாக்கேல்ல?"

"எனக்குத் தெரியாது பிள்ளை" என்றேன்.

அன்று மாமியும் மகளும் நானும் முழந்தாளில் நின்றோம். நன்றி சொல்லத் தொடங்கி, பாதியில் அழுதுவிட்டோம். ஜெபம் அப்படியே நின்றுபோனது. இதை வாசிக்கும் உங்களில் யாருடைய ஜெபமாவது அப்படி நின்றுபோயிருந்தால், ஆண்டவரிடம் வாருங்கள். பாதி ஜெபத்தோடு வாருங்கள். அதையும் அவர் கேட்கிறார்.