பத்து நிமிடம் முந்திய போர்டு

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் நடத்தி ஓய்வு பெற்றவள், விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஒயரைப் பார்ப்பேனே தவிர விபூதியைத் தேட மாட்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

என் கணவர் இறந்து மூன்றாம் மாதம் நடந்தது இது. அவருக்கு ஒரு கிறுக்கு, வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பார், பஸ் தப்பக் கூடாதாம். நான் சரியாக்குவேன், அவர் மறுபடி தள்ளுவார், முப்பது வருடச் சண்டை. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அத்தனையையும் சரியான நேரத்துக்குத் திருப்பினேன். அழுதுகொண்டுதான் திருப்பினேன், ஆனாலும் திருப்பினேன்.

கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் என் மகனுக்கு நான் கரமனை வீட்டில் தனியாக இருப்பது பிடிக்கவில்லை, வீட்டைப் பூட்டிவிட்டு வா என்று ஒரே நச்சரிப்பு. என்னால் சமாளிக்க முடியும் என்று காட்டத்தான் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை வாங்கினேன். காலை பத்து மணிக்குக் குழாய்த் தண்ணீர் வந்து கீழ்த்தொட்டியில் விழும், உடனே மோட்டாரைப் போட்டு மேலே ஏற்றாவிட்டால் வழிந்துவிடும். அந்த வேலையை போர்டு செய்ய வேண்டும்.

அதன் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, கரண்ட் போனால் நேரத்தை மறந்துவிடும். பழைய தேதியிலேயே நின்றுகொண்டு, புதிய மென்பொருளை 'இது இன்னும் செல்லுபடியாகாது' என்று ஏற்ற மறுத்தது. நேரத்தைக் கையால் அடித்துக் கொடுத்தேன், ஏறிவிட்டது. பிறகு இன்டர்நெட் நேரத்தோடு இணைத்தேன், நம்பினால் நம்புங்கள், சரியாகப் பத்து நிமிடம் கூடுதல். அமைப்பில் நாட்டைத் தவறாகக் கொடுத்திருந்தால் மணிக்கணக்கில் தவறும், வெறும் பத்து நிமிடம் தவறாது. மெமரி கார்டை மாற்றினேன், நேரம் சொல்லும் சர்வரை மாற்றினேன், அதே பத்து.

மகனைக் கூப்பிட்டேன். ஆபீசிலிருந்தே போர்டுக்குள் நுழைந்து பார்த்தான்.

"இங்க கரெக்டாத்தானே காட்டுது? அம்மா, நீ கொஞ்ச நாள் எங்கூட வந்து இரு."

அவன் குரலில் இருந்த இரக்கம் என்னைச் சுட்டது. பக்கத்து வீட்டு மலையாளி சுதாவை இழுத்து வந்து திரையைக் காட்டினேன். தன் போனையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பத்து மினிட்டு கூடுதலாணல்லோ டீச்சரே!"

ஆக, எனக்குப் புத்தி பிசகவில்லை. வந்ததே கோபம், பட்டப்பகலில் சுதா முன்னாலேயே திரையைப் பார்த்துக் கத்தினேன்: "போதும்! இனிமே இங்க என் நேரம்தான்!" போர்டை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். நேரம் சரியாக இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மோட்டார் ஓடியது, ஆனால் அதற்குள் தொட்டி நிறைந்து தண்ணீர் வாசல்வரை வந்திருந்தது. ஒன்பது ஐம்பதுக்கே வந்துவிட்டதா என்று சுதாவைக் கேட்டேன்.

"எங்க பைப்பில இப்பத்தானே வந்நது, டீச்சரே."

தெரு முழுக்க விசாரித்துவிட்டேன். எல்லா வீட்டுக்கும் பத்து மணிக்கு, என் வீட்டுக்கு மட்டும் இன்றுவரை ஒன்பது ஐம்பதுக்கு. மோட்டாரை ஒன்பது ஐம்பதுக்கு மாற்றினேன், கடிகாரத்தைத் தொடவில்லை, தொடவும் மாட்டேன். மகனிடம் மூச்சு விடவில்லை, இந்த வீட்டை விட்டு நகரவும் போவதில்லை. ஆனால் குழாய் சீறும்போது என்னையறியாமல், "சரி, சரி, கேட்டுது" என்று பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயம் அதில்தான்.